ஒரு போன், நாற்பது அட்டை: வகுப்பு முழுவதையும் பதில் சொல்ல வைப்பது எப்படி?

ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு பல வகுப்பறைகளில் ஒரே காட்சிதான். பாடத்துக்கான வீடியோவை ஓடவிட்டு ஆசிரியர் பதிவேட்டைப் பிரித்துக்கொள்கிறார். பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்க்கிறார்கள். முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று கோரஸ் வருகிறது. யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது அடுத்த தேர்வில்தான் தெரியும். அதற்குள் மூன்று பாடம் ஓடியிருக்கும்.

கருவிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் கோடு உண்டு. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் மணற்கேணி செயலி, அதன் பிறகு தொடக்கப் பள்ளிகள் வரைக்கும் ஸ்மார்ட் போர்டும் ஆசிரியர் கையில் டேப்லெட்டும் வந்தாயிற்று. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரிலிருந்து கானாடுகாத்தான் வரை எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஏதாவது ஒரு திரை இருக்கும். இவை எல்லாமே பாடத்தைப் பிள்ளைகளிடம் கொண்டு போகிற கருவிகள். பிள்ளையின் பதிலை ஆசிரியரிடம் கொண்டு வருகிற கருவி ஒன்று வேண்டும். அதற்கு ஆளுக்கொரு போன் தேவையில்லை. ஆசிரியரின் போன் ஒன்றும், ஜெராக்ஸ் கடையில் அடித்த அட்டைகளும் போதும்.

நான் சொல்வது பிளிக்கர்ஸ் என்ற செயலியை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. அதில் கியூஆர் கோடு போலக் கறுப்பு வடிவம் ஒன்று இருக்கும். ஒரு அட்டையின் வடிவம் இன்னொன்றில் இருக்காது. நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். எந்த விடையோ அந்த எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் மீது மெதுவாக ஓட்டினால் யார் என்ன விடை சொன்னார் என்பது திரையில் வந்துவிடும். பக்கத்து அட்டையைப் பார்த்து அப்படியே திருப்பிப் பிடித்துக் காப்பி அடிக்க முடியாது. வடிவம் வேறு, எழுத்தும் எட்டிப் பார்த்துப் படிக்கிற அளவில் இல்லை.

கணக்குத் தொடங்குவது, வகுப்பை உருவாக்குவது எல்லாம் மின்னஞ்சல் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. ஒன்றே ஒன்று: பிள்ளைகளின் முழுப் பெயரை ஏற்றாதீர்கள். வரிசை எண் போதும். அட்டை எண்ணும் வரிசை எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும். அட்டை மாறிப்போகிற பேச்சே வராது.

அட்டை அடிப்பதில்தான் முதல் சறுக்கல். காரைக்குடியில் எந்தக் கடையில் கொடுத்தாலும் "லேமினேஷன் பண்ணிடலாமா சார், ரொம்ப நாள் வரும்" என்பார்கள். வேண்டாம். பளபளப்பான மேற்பரப்பில் டியூப் லைட் வெளிச்சம் விழுந்தால் கேமராவுக்கு வெள்ளைக் கோடுதான் தெரியும். கெட்டியான சாதாத் தாளில் அடித்து, பின்பக்கம் பழைய நோட்டு அட்டையை ஒட்டுங்கள். ஒரு ஏ4 தாளில் இரண்டு அட்டை வரும். சின்னதாக்கி நான்காக அடித்தால் தாள் மிச்சம். கடைசி பெஞ்சு மட்டும் கேமராவில் சிக்காது. நாற்பது பேருக்கு இருபது தாள், அவ்வளவுதான் செலவு.

அடுத்து, யாரும் சொல்லித் தராத ஒரு சின்ன வேலை. நம் பிள்ளைகளுக்குப் பழக்கம் அ, ஆ, இ, ஈ. அட்டையில் இருப்பதோ ஏ, பி, சி, டி. போதாக்குறைக்கு, அட்டையைத் தூக்கிப் பிடித்தபின் எழுத்து ஆசிரியர் பக்கம் போய்விடும். பிள்ளைக்குத் தெரிவது வெறும் பின்பக்கம். எந்த ஓரம் மேலே இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், கேமரா அதற்குள் கடந்துவிடும். அதனால் பின்பக்கத்தில், ஏ இருக்கும் ஓரத்துக்கு நேர் பின்னால் அ, பி-க்குப் பின்னால் ஆ என்று பின்னால் இருப்பவர் கண்ணில் படாதபடி பேனாவால் பொடியாக எழுதிவிடுங்கள். பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே எழுதுங்கள். ஒரு அட்டையில் ஓரம் மாறினாலும் அந்தப் பிள்ளை வருடம் முழுக்கத் தப்பாகவே பதில் சொல்லும்.

இனிதான் கஷ்டமான கட்டம்: கேள்வி தயாரிப்பது.

பெரும்பாலோர் பாடப் பின்பக்கத்து ஒரு மதிப்பெண் வினாவை அப்படியே ஏற்றுகிறார்கள். "மின்னோட்டத்தின் அலகு எது?" என்று கேட்டால் முப்பத்தைந்து பேர் ஆம்பியர் என்பார்கள். நமக்கும் சந்தோஷம், அவர்களுக்கும் சந்தோஷம். பயன்தான் இல்லை. தவறான விடை ஒவ்வொன்றும் பிள்ளை எப்படி யோசித்தது என்று காட்டிக்கொடுக்க வேண்டும்.

½ + ⅓ எவ்வளவு என்று கேளுங்கள். நான்கு விடைகள்: 2/5, 5/6, 2/6, 1/6. 2/5 என்கிற பிள்ளை மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறது. 2/6 என்றால் பகுதியைச் சரியாக ஆறாக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்திருக்கிறது. 1/6 என்றால் கூட்டலுக்குப் பதிலாகப் பெருக்கல். மூன்றும் மூன்று வியாதி, மருந்தும் மூன்று. 2/5 காரருக்குப் பகுதி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2/6 காரருக்கு ஒரு வரி போதும். இந்த நான்கு விடைகளை யோசிக்க எனக்குச் சமயத்தில் அரை மணி நேரம் பிடிக்கிறது. பழைய விடைத்தாள் கட்டைப் பிரித்தால் வேலை சுலபம். பிள்ளைகள் செய்த தவறுகளே அங்கே வரிசையாகக் கிடக்கும், நாமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

ஒரு பாட வேளைக்கு மூன்று கேள்வி. ஐந்துக்கு மேல் கண்டிப்பாகக் கூடாது. "மேற்கண்ட அனைத்தும்" என்று ஒரு விடை வைக்காதீர்கள். அது நமக்கு நான்காவது விடை தோன்றவில்லை என்பதன் ஒப்புதல் வாக்குமூலம்.

தெரிந்த இடத்தை வைத்துக் கேட்டால் பின்வரிசையும் யோசிக்கும். காரைக்குடி சிக்ரி மின்வேதியியலுக்கென்றே உள்ள ஆய்வகம். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்டது. பேட்டரி பாடத்தை அந்த வாசலிலிருந்து தொடங்கலாம். அதே சிக்ரியின் சோதனை மேசையில் ஒரு பேட்டரியும், ஒரே மாதிரியான இரண்டு பல்புகளும் தொடர் இணைப்பில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல்பு அதிகமாக எரியும்? நேர்முனைக்குப் பக்கத்தில் உள்ளது, எதிர்முனைக்குப் பக்கத்தில் உள்ளது, இரண்டும் சமம், பேட்டரி புதிதா பழையதா என்பதைப் பொறுத்தது.

முதல் விடைக்கு நிறையப் பேர் போவார்கள். வாய்க்காலில் தலைமடைக்குத் தண்ணீர் அதிகம் வருவதுபோல முதல் பல்பு மின்சாரத்தைக் குடித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. இங்கேதான் ஆசிரியர் வாயை அடக்க வேண்டும். விடையைச் சொல்லாதீர்கள். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற வரைபடத்தையும் போர்டில் காட்டாதீர்கள்; காட்டினால் கூட்டம் எங்கேயோ அங்கே எல்லோரும் சாய்வார்கள். போனில் நீங்கள் மட்டும் பாருங்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்துவருகிறார். அவர் முறை எளிது. சரியான விடை சொன்னவர்கள் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவா? பாடத்தைத் திரும்ப நடத்துங்கள். எழுபதுக்கு மேலா? சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே போங்கள். இடையில் இருந்தால் பக்கத்திலிருப்பவரோடு பேசவிட்டு, அதே கேள்விக்கு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். "வேற விடை சொன்னவன்கிட்டப் போய் அவனை உன் பக்கம் இழு" என்று சொல்லிவிட்டால் போதும், மூன்று நிமிடம் வகுப்பு சந்தைக் கூச்சலாகும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். நேற்றுவரை வாய் திறக்காத பிள்ளை "எப்படிடா முதல்ல உள்ளது மட்டும் குடிக்கும்?" என்று சண்டை போடுவது இந்த மூன்று நிமிடத்தில்தான்.

இரண்டாவது ஓட்டும் முடிந்த பிறகு போர்டுக்குப் போங்கள். கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தருகிற ஃபெட் பரிசோதனைகளில் மின்சுற்று அமைப்பது ஒன்று. பல பரிசோதனைகள் தமிழிலேயே கிடைக்கின்றன. 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு இரண்டு, தொடர் இணைப்பு. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாலும், நடுவில் வைத்தாலும், கடைசியில் வைத்தாலும் 0.45 ஆம்பியர்தான் காட்டும். இதையே கேள்விக்கு முன்னால் காட்டியிருந்தால் "ஓகோ" என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பந்தயம் கட்டிய பிறகு காட்டினால் பெஞ்சு மேல் ஏறிப் பார்க்கிறார்கள்.

நெட் வராது என்பவர்களுக்கு: ஃபெட் பரிசோதனையை முந்தைய நாளே தரவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரே கோப்பு, பிரவுசரில் நெட் இல்லாமலே திறக்கும். வகுப்புக்கு முன்னால் அதே போர்டில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பிளிக்கர்ஸுக்கு நெட் வேண்டும், ஆனால் போன் டேட்டாவே போதும். போர்டே இல்லாத வகுப்பானால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, போனில் மட்டும் ஓட்டலாம். குறை ஒன்றும் இல்லை.

கேமரா ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த பிள்ளைகளின் அட்டை இருட்டடித்துவிடும். அந்தப் பக்கக் கதவைச் சாத்துங்கள். கறுப்பு வடிவத்தின் மேல் விரல் படக்கூடாது, ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். முன்வரிசை நெஞ்சுக்கு நேராக, பின்வரிசை தலைக்கு மேலே. இதை முதல் நாள் பாடமே இல்லாமல் "இன்றைக்குச் சாப்பாட்டில் எது பிடித்தது" என்பது மாதிரிக் கேள்வி வைத்துப் பழக்கிவிடுங்கள்.

வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்கிறேன். கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றிக் காந்தியின் படத்துண்டுகளைத் தேடிச் சேர்த்து, 1940-இல் முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டார். ஒவ்வொரு துண்டும் எங்கே, எப்போது எடுத்தது என்று தெரிந்தால்தான் அவருக்கு அடுத்த வேலை. சமூக அறிவியல் ஆசிரியர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் பழக்கத்தை. தண்டி யாத்திரையின் பழைய காட்சி ஒன்றை ஒலியை அடைத்துவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்துங்கள். "இது எந்த ஊர், எந்த ஆண்டு, கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறாய்?" முதல் மூன்றுக்கும் நான்கு நான்கு விடை கொடுங்கள், அட்டையைத் தூக்கட்டும்; கடைசிக் கேள்விக்கு வாயால் சொல்லட்டும். பிறகு ஒலியோடு மறுபடி ஓட்டுங்கள்.

மதிப்பெண் பதிவேட்டில் இந்த விடைகளை ஏற்றாதீர்கள். ஏற்றிய அன்றே பிள்ளைகள் கெட்டிக்கார நண்பனின் முகத்தைப் பார்த்து அட்டையைத் திருப்பத் தொடங்குவார்கள். யார் தப்பு சொன்னார் என்று பெயர் சொல்லிக் கேட்கவும் கூடாது.

மார்ச் மாதத் தேர்வு நெருக்கடியில் இதைத் தொடங்க வேண்டாம். ஜூன் மாதம், ஒரு வகுப்பு, ஒரு பாடம், வாரம் ஒரு நாள். எட்டாம் வகுப்பு அறிவியல் அதற்குத் தோதான இடம். பொதுத்தேர்வுக் கெடுபிடி இல்லை, பிள்ளைகளுக்கும் சண்டை போடுகிற வயசு.