தொடர்சுமை

தியாகராய நகர் உஸ்மான் சாலைத் துணிக்கடைகளில் காலையில் ஏற்றப்படும் விளக்குகள் இரவுவரை அணைவதில்லை. இவ்வாறு 3 மணி நேரமோ அதற்கு மேலோ முழு அளவில் நீடிக்கும் மின்சுமையை அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பு 'தொடர்சுமை' எனத் தனித்துப் பிரிக்கிறது. வீட்டு மிக்சியோ, கம்பி சூடேறுமுன் ஓய்ந்துவிடும்.

கடையின் ஒரு கிளைச்சுற்றில் 50 வாட் விளக்குகள் 60 எரிவதாகக் கொள்க. 3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுக்க, 13.04 ஆம்பியர். 16 ஆம்பியர் சுற்றுமுறிப்பான் போதும் என்றே தோன்றும். ஆயின், தொடர்சுமையை 1.25 ஆல் பெருக்குக என்கிறது அவ்விதி, விடை 16.3. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், மூடிய பெட்டிக்குள் இணைப்பு முனைகளில் அது தேங்கும். கம்பியின் காப்புறை நாளடைவில் நொறுங்கும். முறிப்பானை மட்டும் பெரிதாக்கி, மெல்லிய கம்பியை விட்டுவைத்தல் பேதைமை. விளக்குகளை இரு சுற்றுகளாகச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 6.5 ஆம்பியரே பாயும்.