காலராக் கிருமிக்குள் குடியிருக்கும் வைரஸ்

புளியந்தோப்பு

அன்புள்ள தம்பி,

பாக்டீரியாவுக்குள் பதுங்கிய ஃபேஜ் (பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்) சும்மா தூங்குகிறது என்று உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். அந்தச் 'சும்மா'வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. லாம்டா ஃபேஜைப் பார். ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் செருகிக்கொண்டபின் தன் மற்ற மரபணுக்களை அடக்கிவைக்க, சிஐ என்ற புரதத்தை ஓயாமல் தயாரித்தாக வேண்டும். வெளியிலிருந்து இன்னொரு லாம்டா நுழைந்தால் அதையும் இதே புரதம் முடக்கிவிடும். புற ஊதாக் கதிரால் டிஎன்ஏ சேதமாகி, ரெக்ஏ என்ற பாக்டீரியப் புரதம் தூண்ட சிஐ அறுபட்டால்தான் ஃபேஜ் பெருகி செல்லை உடைக்கிறது. இத்தனை காவல் வேலைக்கு நடுவே தூக்கம் எங்கே?

தூங்காத ஃபேஜுக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 1992 கடைசியில் மெட்ராஸில் ஓ139 என்ற புதிய காலரா வகை தென்பட்டது. பிறகு கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. கொள்ளைநோயாக வருவது ஓ1 மட்டுமே என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. கிருமியின் மேற்பரப்புச் சர்க்கரை மாறிவிட்டதால், பழைய காலராவுக்கு எதிர்ப்பு பெற்றிருந்த பெரியவர்களும் விழுந்தார்கள். (இதற்கும் ஃபேஜ்தான் காரணம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே, இது எல் டோர் என்ற ஓ1 வகையிலிருந்து வந்த கிருமி, முக்கியமாக மேற்பரப்பு மரபணுக்கள் மாறின.) நஞ்சோ பழையதே. கல்கத்தாவின் எஸ்.என்.டே 1959இல் கிருமி நீக்கிய வடிநீரே முயல் குடலில் நீர் கோக்க வைக்கிறது என்று காட்டினார். பாடநூல்கள் அவரை ஒரு வரியில் தாண்டிப் போவது அநியாயம். அந்த நஞ்சின் மரபணுக்கள் சிடிஎக்ஸ் என்ற இழை ஃபேஜுக்குச் சொந்தம் என்று ஆய்வாளர்கள் வால்டோரும் மெகலானோஸும் நிறுவ 37 ஆண்டுகள் ஆயின.

சிடிஎக்ஸ் செல்லை உடைப்பதில்லை, கசிந்து வெளியேறுகிறது, அதை லாம்டாவோடு சேர்க்கலாமா என்று நீ கேட்கலாம். வெளியேறும் விதம் வேறுதான். ஆனால் அதுவும் குரோமோசோமில் செருகிக்கொள்கிறது, அதற்குக் கிருமியின் நொதிகளையே பயன்படுத்துகிறது, தன்னை அடக்கத் தனிப் புரதமும் வைத்திருக்கிறது. நஞ்சைச் சுமப்பதால் கிருமிக்கு என்ன லாபம்? நோயாளியின் பேதியோடு கோடிக்கணக்கில் தண்ணீருக்குள் போய், அடுத்த குடலைத் தேடலாம். கிருமி பெருகினால் செருகியிருக்கும் ஃபேஜும் கூடவே பெருகும். குடலில் ஒட்டக் கிருமி வளர்க்கும் நுண்ணிழையைப் பிடித்துத்தான் சிடிஎக்ஸ் உள்ளே நுழைகிறது என்பதையும் கவனி.

டிப்தீரியாவையும் சேர்த்துப் படி. நஞ்சற்ற கிருமி ஃபேஜ் தொற்றியபின் நஞ்சு சுரந்ததை ஆய்வாளர் ஃப்ரீமன் 1951இலேயே காட்டிவிட்டார். கட்டுரையைத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்