டீசல் வேன் எவ்வளவு குடிக்கிறது?

கேள்வி: தேக்காவில் காய்கறி இறக்கும் என் பழைய டீசல் வேன் முன்பைவிட அதிகம் குடிப்பதுபோல் இருக்கிறது. எப்படி உறுதி செய்வது?
– வாசகர், சிராங்கூன் சாலை

பதில்: டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பம்ப் தானாக நிற்கும்வரை டாங்கை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், அப்படியே நிரப்புங்கள். இடையில் 480 கிலோமீட்டர் ஓடி 48 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 10. ஆனால் ஒரே கணக்கில் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. டீசல் நுரைக்கும், டாங்க் நிறையுமுன்பே பம்ப் நின்றுவிடும். நாலைந்து முறை நிரப்பிய மொத்த லிட்டரால் மொத்தக் கிலோமீட்டரை வகுத்தால்தான் உண்மை தெரியும்.

லிட்டருக்கு ஓடும் தூரம் குறைந்திருந்தால், முதலில் டயர் காற்று. வண்டி ஓடிச் சூடேறுமுன் பாருங்கள். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர். பலரும் மறப்பது தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் சரியாகச் சூடேறாது, டீசல் வீணாகும். ஓடி நின்றதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பஃபலோ ரோட்டில் சரக்கு இறக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். டீசல் வரியும் 2017-இல் லிட்டருக்கு 10 காசாக வந்து, 2019-இல் 20 காசாகிவிட்டது.