கண்ணின் விலை

ஆய்வுக்கூடத்தில் கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சுமேரியர் நினைவு வரும். மணிக்கு 60 நிமிடம், நிமிடத்திற்கு 60 நொடி என்னும் வழக்கின் வேர், யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளுக்கிடையே வாழ்ந்த அம்மக்களின் அறுபதாம் கணக்கிலே இருக்கிறது. பாபிலோனியர் அதனைப் பேணி வளர்த்தனர். வெள்ளியையும் அவ்வாறே நிறுத்தனர். 60 செக்கெல் எடை ஒரு மினா.

வெள்ளியை நிறுத்தவர்கள் மனிதனை எப்படி நிறுத்தனர்? பாபிலோனிய மன்னன் ஹம்முராபி (கி.மு. 1792–1750) நாட்டிய கருங்கல் அதற்கு விடை கூறுகிறது. 1901–02இல் ஈரானின் சூசாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அக்கல் இன்று பாரிஸ் லூவர் காட்சிசாலையில் உள்ளது. அதன் உச்சியில் நீதிக்குரிய கதிரவக் கடவுள் ஷமாஷ் வீற்றிருக்க, மன்னன் வணங்கி நிற்கிறான். வலியோர் எளியோரை நலியாதிருக்கவே தெய்வங்கள் தன்னை அழைத்தன என்று முகவுரையில் மொழிகிறான். எவ்வளவு உயர்ந்த சொல்!

ஆனால் சட்டத்தைப் பாருங்கள். உயர்குடியான் ஒருவன் தன்னொத்தவனின் கண்ணைக் கெடுத்தால், தன் கண்ணை இழப்பான். எளிய குடிமகனின் கண்ணைக் கெடுத்தால், ஒரு மினா வெள்ளி தந்தால் போதும். அடிமையின் கண்ணாயின், அவ்வடிமையின் விலையில் பாதி!

அறிவியல் பயிலும் எனக்கு இது வியப்பளிக்கிறது. வெள்ளிக்கு ஒரே எடைக்கல் வைத்தவர்கள், மனிதனுக்கு மூன்று வைத்தார்கள். அவர்களுடைய அறுபதை நாம் இன்றும் காத்துவருகிறோம். அந்த மூன்று எடைக்கற்களையும் காத்துவருகிறோமா? நண்பர்களே, நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.