முந்தினது சிறப்பு, பிந்தினது குறைவு: ஏன்?



இந்த மாதப் பாடத்தின் பொருளைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். "பாஸ்டர் எதுக்கு வெளியுலகப் பாட்டுக்காரங்களைப் பத்தி எழுதுறாரு?" என்று கேட்கலாம். காரணம் உண்டு, போகப்போகச் சொல்கிறேன். வேதாகமக் கல்லூரிக்குப் போகுமுன் நானும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரிந்தவன்தான். அந்நாட்களிலேயே ஒரு காரியம் எனக்குப் புதிராக இருந்தது. ஒரு புதிய குழு வரும். முதல் ஆல்பம் பிரமாதம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது சுமார். நான்காவதை வாங்கினவன் வாங்கினதை யாரிடமும் சொல்லமாட்டான். இத்தனைக்கும் அதே ஆட்கள், அதே கைகள், முன்னைவிடப் பல மடங்கு பணம், நல்ல ஸ்டுடியோ. பின்னே எங்கே குறைந்தது?

"தலைக்கனம் வந்துடுச்சு, குடி வந்துடுச்சு" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது நமக்குச் சௌகரியமான பதில். குடியைத் தொடாதவர்களுக்கும், அடக்கமாய் இருந்தவர்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. ஆகவே ஒரே ஒரு குழுவை எடுத்து, தொடக்கத்திலிருந்து நிதானமாய்ப் பார்ப்போம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் தி ஸ்ட்ரோக்ஸ் என்று ஐந்து வாலிபர். பாடுகிறவர் ஜூலியன் காசபிளாங்காஸ். கிட்டார் இரண்டு பேர், பேஸ் கிட்டார் ஒருவர், டிரம்ஸ் ஒருவர். 1999-இல் மேடையேறத் தொடங்கி, ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன இடங்களில் வாசித்தார்கள். கேட்க வந்தவர்கள் கையில் பானத்தோடு நின்றுகொண்டு கேட்கிற ஜனங்கள். பாட்டு பிடிக்காவிட்டால் மரியாதைக்காகக்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னே ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பாடிப் பாடி, நின்ற பாட்டு நின்றது, விழுந்த பாட்டு விழுந்தது. ஆரம்ப நாட்களில் அவர்கள் மேடையில் பாடின சில பாட்டுக்களை அவர்களுடைய ஆல்பத்தில் தேடினால் கிடைக்காது.

2001-இல் முதல் ஆல்பம் வந்தது. பெயர் 'இஸ் திஸ் இட்'. பதினோரு பாட்டு, மொத்தம் 36 நிமிஷம். இதற்கு முன்னே கில் நார்ட்டன் என்கிற பேர்பெற்ற தயாரிப்பாளரோடு கொஞ்சம் பதிவு செய்து பார்த்தார்கள். ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, இது நாங்கள் இல்லை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். பிறகு கார்டன் ரஃபேல் என்பவருடைய நிலவறை ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஐந்து பேரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததைத்தான் பெரும்பாலும் பதிவு செய்தார்கள். பாடகரின் குரலை, வீட்டில் பழகுகிறவர்கள் வைத்திருக்கும் சின்ன பீவி ஆம்ப்ளிஃபையர் வழியாக விட்டுப் பதிந்தார்கள். அதனால்தான் அந்தக் குரல் போனில் பேசுகிறவன் குரல்போல் கரகரவென்று கேட்கும். இங்கிலாந்தின் என்.எம்.இ. பத்திரிகை 2009-இல், அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பம் இதுதான் என்று முதலிடம் கொடுத்தது.

இப்பொழுது பின்னே வந்தவைகளைக் கவனியுங்கள்.

2003-இல் 'ரூம் ஆன் ஃபயர்'. ரேடியோஹெட் குழுவோடு பேர் வாங்கின நைஜல் காட்ரிச்சிடம் போனார்கள், ஒத்துவரவில்லை. பழைய கார்டன் ரஃபேலிடமே திரும்பினார்கள். நல்ல ஆல்பம்தான். ஆனால் முதலாவதின் தம்பி என்று கேட்டவுடனே தெரிந்துவிடும். 2006-இல் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் எர்த்'. தயாரிப்பாளரை மாற்றினார்கள், சத்தம் பளபளப்பாயிற்று. பதினோரு பாட்டு பதினாலாயிற்று, 36 நிமிஷம் 52 நிமிஷமாயிற்று. இங்கிலாந்தில் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த அவர்களுடைய முதல் ஆல்பம் இதுதான்! விற்பனை ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கிறவனுக்குக் குறைவு தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்தது. முதல் மூன்று பாட்டுக்குப் பிறகு, இதை வேண்டாம் என்று யாராவது சொல்லியிருக்கலாமே என்று பாட்டுக்குப் பாட்டு தோன்றிற்று.

அதன்பின் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். 2011-இல் வந்த 'ஆங்கிள்ஸ்' ஆல்பத்தின் கதையைத்தான் நான் வாலிபர் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன். நான்கு பேர் ஒரு ஸ்டுடியோவில் வாசித்தார்கள். பாடகர் வரவில்லை. தனியாக ஓரிடத்தில் இருந்து பாடி, அதை இமெயிலில் அனுப்பிவைத்தார். மற்றவர்கள் தாங்களே முன்வரட்டும் என்று விலகி நின்றதாக அவர் சொன்னார், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் கிட்டார் வாசிக்கிற நிக் வலென்ஸி, இனி இந்த விதமாக ஒரு ஆல்பம் செய்யமாட்டேன் என்று பேட்டியிலேயே சொல்லிவிட்டார். 2013-இல் 'கம்டவுன் மெஷின்'. ஆர்.சி.ஏ. கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் கடைசி ஆல்பம். பேட்டி கிடையாது, கச்சேரிப் பயணம் கிடையாது. அட்டைப்படத்தில் கம்பெனியின் பெயர்தான் பெரிதாக நிற்கிறது. கடனைக் கட்டி ரசீது வாங்கினதுபோல் இருந்தது.

ஆக, பன்னிரண்டு வருஷத்தில் என்ன மாறிற்று? கை பழகினது போகவில்லை, முன்னைவிட நன்றாகவே வாசித்தார்கள். மறுப்புச் சொல்ல ஆள் இல்லாமற் போயிற்று. முதல் ஆல்பத்துக்கு எத்தனை தடை இருந்தது பாருங்கள். பானத்தோடு நின்ற ஜனம் ஒரு தடை. பணமில்லாத ஸ்டுடியோ ஒரு தடை. ஒரே அறையில் மூஞ்சிக்கு நேரே, "இது நல்லா இல்லடா" என்று சொல்லக்கூடிய நான்கு சிநேகிதர் பெரிய தடை. இமெயிலில் வந்த பாட்டுக்கு யார் அப்படிப் பதில் எழுதுவார்கள்? "கிடைத்தது, நன்றி" என்றுதான் எழுதுவார்கள்.

"அவசரப்பட்டதுதான் காரணம், நேரம் எடுத்துச் செஞ்சா சரியாகும்" என்று சிலர் சொல்லுவார்கள். முதல் ஆல்பத்துக்கு ஆயுசெல்லாம் எழுதின பாட்டு கிடைக்கும், இரண்டாவதுக்கு ஒரு வருஷம்தான், அதுவும் பிரயாணத்தில் போய்விடும் என்பது பாட்டுக்காரரிடையே பழைய பேச்சு. உண்மைதான். ஆனால் நேரம் மட்டும் மருந்தாகுமா? பாஸ்டன் என்கிற குழுவைப் பாருங்கள். டாம் ஷோல்ஸ் என்பவர் எம்.ஐ.டி.யில் படித்த இன்ஜினியர், போலராய்டு கம்பெனியில் உத்தியோகம். சாயங்காலம் வேலை முடிந்து வீட்டு நிலவறையில் உட்கார்ந்து வருஷக்கணக்காய் மாதிரிப் பதிவுகள் செய்தார். கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வேண்டாம் என்றன. அவர் மறுபடியும் திருத்தினார். 1976-இல் வெளிவந்த முதல் ஆல்பம் அமெரிக்காவில் மாத்திரம் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்றது. 1978-இல் கம்பெனி நெருக்கினதால் முழுதாய் ஆயத்தமாகுமுன் வந்தது என்று அவரே குறைப்பட்ட இரண்டாவது, 70 லட்சம். சரி, அவசரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதுக்கு எட்டு வருஷம் எடுத்தார்! தாமதத்துக்காகக் கம்பெனி வழக்கே போட்டது. 1986-இல் வந்தது, 40 லட்சம். மறுபடியும் எட்டு வருஷம், 1994-இல் நான்காவது, 10 லட்சம். விற்பனை மட்டுமே அளவுகோல் அல்ல என்று மேலே நானே எழுதினேன். ஆனாலும் காதுக்கும் அதே இறக்கம்தான் கேட்கிறது. அவசரம் போயிற்று, நேரம் வந்தது, இறக்கம் நிற்கவில்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற கம்பெனிகள் முதல் ஆல்பத்தோடு போய்விட்டன. நிலவறையில் மனிதன் தனியாக இருந்தார்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். காலாண்டுப் பரீட்சையில் 98 வாங்கின பிள்ளை அரையாண்டில் 91 வாங்கினால், "கெட்டுப்போச்சு" என்று வீட்டில் ஒரே சத்தம். பிள்ளை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 98 என்பதே எல்லாம் கூடிவந்த ஒரு நாள். முதல் ஆல்பம் அபூர்வமாய் அமைந்த குழுக்களைத்தான் நாம் பொறுக்கி எடுத்துப் பேசுகிறோம். அவர்களுக்கு அடுத்தது கொஞ்சம் இறங்குவது இயல்பு. ரேடியோஹெட் 1993-இல் சுமாரான ஒரு ஆல்பத்தோடுதான் தொடங்கினது, 1995-இலும் 1997-இலும் வந்தவை அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன. அவர்களைப் பார்த்து யாரும் "முதலாவதைப்போல் இல்லையே" என்று கேட்கவில்லை. ஆகவே ஒரு இறக்கத்தைப் பார்த்தவுடனே பாவம், பெருமை என்று தீர்ப்புச் சொல்ல ஓடாதீர்கள். இறக்கம் நிற்காமல் தொடர்ந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

நம்முடைய ஐக்கியத்துக்குக் கொஞ்சம் கிட்டின உதாரணமும் ஒன்று உண்டு. அயர்லாந்தின் யூ டூ குழு. 1980-இல் முதல் ஆல்பம் நல்ல பேர் வாங்கினது. அடுத்த வருஷம் அமெரிக்கப் பயணத்தில், போர்ட்லாந்து பட்டணத்தில், போனோ எழுதிவைத்திருந்த பாட்டு வரிகள் பையோடே காணாமற்போயின (2004-இல்தான் திரும்பக் கிடைத்தன). ஸ்டுடியோவில் நின்றபடியே வார்த்தைகளைக் கூட்டிப் பாடினார். அதே நாட்களில் குழுவில் மூன்று பேர் டப்ளினில் ஷாலோம் என்கிற ஆவிக்குரிய ஐக்கியத்தில் இருந்தார்கள். பாட்டா, விசுவாசமா என்ற போராட்டத்தில் குழுவே கலையப் பார்த்தது. 1981-இல் வந்த இரண்டாம் ஆல்பத்தில் அந்தத் தவிப்பு முழுக்கக் கேட்கிறது. முதலாவதைவிட இளைத்ததுதான், ஆனால் 1983-இல் மூன்றாவது எழுந்து நின்றது. நான்கு பேரும் ஒருவரையொருவர் விடாமல் ஒரே அறையில் சண்டை போட்டுக்கொண்டே வாசித்தார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சரி, காரணம் சொல்லுகிறேன் என்றேனே. நம்முடைய சபைப் பாடகர் குழு வாலிபர் இரண்டாம் சி.டி. வெளியிட ஆசைப்படுகிறார்கள். கன்வென்ஷனுக்குள் கொண்டுவர வேண்டுமாம். நல்ல ஆசை. முதல் சி.டி.யை இன்றைக்கும் நம் வீடுகளில் கேட்கிறோம், பிரயாணத்தில் கேட்கிறோம். அதிலுள்ள எட்டுப் பாட்டும் எங்கிருந்து வந்தன? ஆறேழு வருஷம் வீட்டு ஜெபக்கூட்டங்களில், உபவாசக் கூட்டங்களில், கரண்ட் போன ராத்திரிகளில் வெறும் தபேலாவோடு பாடினவை. எழுதினது முப்பதுக்கும் மேல். ஜனங்கள் கூடப் பாடாத பாட்டு இரண்டு வாரத்தில் தானாக ஓய்ந்தது. யாரும் கமிட்டி போட்டு நீக்கவில்லை. முன் வரிசையில் உட்காருகிற நம் பாட்டியம்மாமார், சுருதி கூடிப்போனால் பாடுவதை நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுவார்களே, அதுதான் தேர்வு!

இரண்டாவதுக்கு ஆயத்தமாயிருக்கிற பாட்டுக்களை இரண்டு மாதத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் கீபோர்டில் ரிதம் போடுகிறார், அதை வாட்ஸப்பில் அனுப்புகிறார், இன்னொரு ஊரில் வேலையிலிருக்கிற தம்பி அதற்கு மேல் பாடி அனுப்புகிறார். எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தின படத்தைப் போட்டு, "சூப்பர் பிரதர்" என்கிறார்கள். நான் கேட்டேன், ஸ்வரம் தப்பில்லை, சத்தம் முதலாவதைவிடச் சுத்தம். சபையில் ஒருவர்கூட இன்னும் அவைகளைப் பாடவில்லை.

"பாஸ்டர், அப்ப ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்றீங்களா?" என்று ஒரு தம்பி வருத்தமாய்க் கேட்டார். இல்லை. பாஸ்டன் குழுவின் எட்டு வருஷத்தை அதற்காகத்தான் எழுதினேன். தேதி எனக்குப் பெரிதில்லை. ஸ்ட்ரோக்ஸின் கதையில் நான் இன்னும் சொல்லாத முடிவு ஒன்று உண்டு. ஐந்து ஆல்பம் இறங்கினபின், ஏழு வருஷம் கழித்து, 2020-இல் 'தி நியூ அப்நார்மல்' என்று ஆறாவது வந்தது. அதே ஐந்து பேர். பாடகர் இம்முறை கூட இருந்தார். தயாரிப்பாளர் ரிக் ரூபின், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடிய பெரியவர். ஒன்பதே பாட்டு. 2021-இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது, அவர்களுக்கு அதுதான் முதல் கிராமி. முதலாவதுக்கு நிகர் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவதைவிட நன்றாயிருக்கிறது.

ஆகவே வாலிபரோடு பேசி இப்படி ஒழுங்குபண்ணியிருக்கிறோம். வருகிற மாதமுதல், வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் வாரம் இரண்டு புதுப் பாட்டு. மைக் உண்டு, கீபோர்டு ரிதம் கிடையாது, தபேலா மட்டும். வெளியூர்த் தம்பி சனிக்கிழமை பயிற்சிக்கு மாதம் ஒரு தரமாவது நேரில் வர ஒத்துக்கொண்டார், பஸ் செலவைச் சபை பார்த்துக்கொள்ளும். சபையாராகிய நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே. பிள்ளைகள் மனம் நோகுமே என்று பிடிக்காத பாட்டுக்குக் கைதட்ட வேண்டாம். பாடத் தோன்றினால் பாடுங்கள், தோன்றாவிட்டால் சும்மா இருங்கள். பாட்டியம்மாமாருக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டிய அவசியமில்லை.