கரையில் ஏன் சாகிறது?

கேள்வி: திமிங்கலமும் நம்மைப் போலக் காற்றைத்தானே சுவாசிக்கிறது? பிறகு கரை ஒதுங்கினால் ஏன் செத்துப்போகிறது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: நல்ல கேள்வி. திமிங்கலம் மீனல்ல, குட்டி போட்டுப் பாலூட்டும், வெப்ப ரத்தம் ஓடும் பிராணி. உச்சந்தலையில் இருக்கும் துளைதான் அதன் மூக்கு. ஆனால் அந்தப் பேருடலைத் தாங்கிப் பிடிப்பது தண்ணீர். மணலில் கிடந்தால் சொந்த எடையே நுரையீரலை நெரிக்கும். மூச்சை இழுப்பதே பெரும்பாடு. கடல் குளிருக்காகத் தோலுக்கடியில் இருக்கும் தடித்த கொழுப்பு, வெயிலில் கம்பளி போர்த்தியது போல உடம்பைக் கொதிக்க வைத்துவிடும். அலையில் புரளும்போது மூக்குத்துளையில் தண்ணீர் புகுந்தாலும் ஆபத்துதான்.

2016 ஜனவரியில் உங்கள் மணப்பாடு பக்கம் 80க்கும் மேற்பட்டவை ஒதுங்கியது நினைவிருக்கும். 'பைலட்' திமிங்கலம் என்ற சிறிய வகை அது. மீனவர்கள் படகில் கட்டி இழுத்து ஆழத்தில் விட்டும், சில திரும்பவும் கரைக்கே வந்தன. இவை குடும்பமாகவே வாழ்பவை. ஒன்று வழி தவறினால் மற்றவை அதை விட்டுப் பிரிவதில்லை. அன்று இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளிய அந்த மீனவர்களை நான் வணங்குகிறேன். இனி எங்காவது ஒதுங்கியதைப் பார்த்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதுவரை ஈரத்துணி போர்த்தலாம். மூக்குத்துளையை மட்டும் மூடிவிடாதீர்கள், வாலைப் பிடித்தும் இழுக்காதீர்கள்.