கணனியில் வைரஸ்: அறிகுறிகளை அறிவோம்

இன்று கிராமத்துச் சிக்கன கடனுதவிச் சங்கங்கள் பலவற்றின் கணக்குகளும் கணனியிலேயே உள்ளன. அதனுள் வைரஸ் புகுந்தால் பாதிக்கப்படுவது இயந்திரம் மட்டுமல்ல; அங்கத்தவர்களின் சேமிப்பு, கடன் விபரங்களும் அழிந்துபோகலாம். எனவே அதன் அறிகுறிகளை நாம் அறிந்திருப்பது அவசியம்.

வைரஸ் என்பது தன்னைத்தானே பிரதிசெய்து பரவும்படி மனிதர் எழுதிய ஒரு நிரலாகும். 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய 'ஐ லவ் யூ' காதல் கடிதம் போல மின்னஞ்சலில் வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்தோருக்கெல்லாம் தன்னை அனுப்பியது. படக் கோப்புகளையும் அழித்தது. தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம் என்பதாலேயே பலர் நம்பித் திறந்தனர்.

பின்வரும் அறிகுறிகளைக் கவனிப்போம்:

1. நாம் அனுப்பாத கடிதங்கள் எமது பெயரில் பிறருக்குச் செல்லுதல்.
2. பென் டிரைவில் இருந்த கோப்புறைகள் மறைந்து, அதே பெயர்களில் 'ஷோர்ட்கட்' சின்னங்கள் தோன்றுதல்.
3. வைரஸ் தடுப்பு மென்பொருள் தானாகவே செயலிழத்தல்.
4. கோப்புகளின் பெயர் மாறி, அவை திறக்க மறுத்தல். பணம் கேட்டு அறிவித்தல் தோன்றுதல்.
5. கணனி வழமையைவிட மிக மெதுவாக இயங்குதல்.

ஐந்தாவது அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வரலாகாது. வட்டில் இடம் போதாமையும், தூசு அடைந்து சூடேறுவதும் இதே நிலையை உண்டாக்கும். மாறாக, எந்த அறிகுறியும் காட்டாத வைரஸ்களும் உண்டு. ஆகவே ஒழுங்காகப் பரிசோதிப்பது நன்று.

சந்தேகம் எழுந்தால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். அதில் பாவித்த பென் டிரைவை வேறு கணனியில் செருகக் கூடாது. பின்னர் தடுப்பு மென்பொருளைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். பணம் கேட்டால் கொடுப்பதால் பயன் நிச்சயமில்லை. கோப்புகள் மீளக் கிடைக்குமென்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது.

2017 மே 12இல் பரவத் தொடங்கிய 'வனாக்கிறை' கோப்புகளைப் பூட்டி, முதலில் 300 டொலர் கேட்டது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் பலவும் பாதிக்கப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை உரிய காலத்தில் நிறுவியிருந்த கணனிகளில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது.

ஆகவே மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருப்போம். வாரந்தோறும் கணக்குகளின் பிரதியை வேறொரு வட்டில் எடுத்து, அதனைக் கழற்றித் தனியே வைப்போம். செருகியபடியே விட்டால் கணனியோடு சேர்ந்து அதுவும் பூட்டப்படும். எடுத்த பிரதி திறக்கிறதா என்பதையும் இடைக்கிடை பார்த்துக்கொள்வோம். அங்கத்தவர் நம்பி ஒப்படைத்த கணக்கைக் காப்பது எமது கடமையன்றோ!